‘செம’, ‘மொக்கை’ தாண்டி: த்ரில்லர், பேய்ப்படம், சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி

காதல் படத்தின் கதையை முழுசாகச் சொல்லிவிட்டாலும் பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். த்ரில்லர், பேய்ப்படம், சயின்ஸ் ஃபிக்‌ஷன் விஷயத்தில் அது நடக்காது. கொஞ்சம் அதிகமாகச் சொன்னால் படமே கெட்டுப்போகும். அதற்குப் பயந்து குறைத்துச் சொன்னால், ‘மேக்கிங் செம, பிஜிஎம் மிரட்டல், இரண்டாம் பாதி லேக்’ என்று எந்தப் படத்துக்கும் பொருந்துகிற மூன்று வரிதான் மிஞ்சும். இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது: படம் எப்படி வேலை செய்கிறது என்பதை எழுதுவது. வாசிக்கிறவர் பிறகு படத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளும்படி எழுதுவது.

அதற்கு முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மூன்று வகைக்கும் அளவுகோல் ஒன்றல்ல. த்ரில்லரில் எந்தத் தகவல் யாருக்கு எப்போது தெரிகிறது என்று பார்க்க வேண்டும். பேய்ப்படத்தில் நேரத்தையும் ஒலியையும் பார்க்க வேண்டும். சயின்ஸ் ஃபிக்‌ஷனில், படம் தானே போட்டுக்கொண்ட விதிக்குப் படம் கட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றையும் ஒரே ‘லாஜிக் இருக்கா’ தராசில் நிறுத்தினால் நல்ல பேய்ப்படம் மோசமாகத் தெரியும், மோசமான த்ரில்லர் தப்பித்துவிடும்.

பார்ப்பதற்கு முன்

டிரெய்லரைப் படம் முடிந்த பிறகு பாருங்கள். முன்கூட்டியே பார்த்தால், டிரெய்லரில் வந்த காட்சி எப்போது வரும் என்று மூளை காத்துக்கொண்டே இருக்கும். அந்தக் காட்சி வரும்வரை நாயகனுக்கு ஒன்றும் ஆகாது என்பதும் தெரிந்துவிடும். பிறகு பார்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு: படக்குழுவே எதுவரை வெளியே சொல்லியிருக்கிறது என்று தெரியும். ஸ்பாய்லர் (கதை ரகசியத்தை உடைப்பது) எல்லையைத் தீர்மானிக்க அது உதவும்.

அரங்கில் பார்ப்பதானால், முன்னிருந்து பின்னாக மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, வரிசையின் நடுவில் உட்காருங்கள். ஒலிக்கலவை செய்கிறவர்கள் தங்கள் கூடத்தில் ஏறக்குறைய அந்த இடத்தில் உட்கார்ந்துதான் அளவு வைக்கிறார்கள். சுவரோர இருக்கையில் பக்கவாட்டு ஸ்பீக்கர் காதுக்குள் கத்தும். பின்னால் வரும் காலடிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து என்றே தெரியாது.

வீட்டில் பார்ப்பதானால் மூன்று விஷயங்களைச் சரிசெய்யாமல் ‘ஒளிப்பதிவு இருட்டாக இருக்கிறது’ என்று எழுதாதீர்கள்.

முதலாவது அறை வெளிச்சம். டிஜிட்டல் அரங்கில் திரையின் வெள்ளைக்கான அளவே 48 நிட்தான் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு). சாதாரண டிவி அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும். ஆனாலும் அரங்கில் இருட்டுக் காட்சி துலக்கமாகத் தெரிவதற்குக் காரணம், அறையே இருட்டாக இருப்பது. 2024இல் வந்த மலையாள ‘பிரமயுகம்’ முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஜன்னல் வெளிச்சம் விழுகிற டிவியில் அதைப் பார்த்தால் சாம்பல் நிறம் மட்டும்தான் தெரியும். பயமெல்லாம் கறுப்புக்குள் இருக்கிறது.

இரண்டாவது, டிவியில் இருக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’. ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. பெயர் எதுவானாலும் அணைத்துவிடுங்கள். படம் நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்பட்டது. இந்த வசதி நடுவில் இல்லாத ஃபிரேம்களைத் தானே செய்து செருகுகிறது. விளைவு, பெரிய படம்கூட டிவி சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். பேய் வேடம் போட்டவர் வேடம் போட்டவராகவே தெரிவார். டிவியில் ‘ஃபிலிம்மேக்கர் மோடு’ இருந்தால் அதைப் போட்டால் போதும், பெரும்பாலான கோளாறு தீரும்.

மூன்றாவது ஒலி. லேப்டாப், மொபைல் ஸ்பீக்கர்களில் அடி ஒலி வரவே வராது. திகில் படத்தில் காட்சிக்கு அடியில் ஓடும் உறுமல் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கும். அரங்குகளிலும் ஹோம் தியேட்டரிலும் இருக்கும் 5.1 ஒலி அமைப்பில் அந்த ‘.1’ என்பதே 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள ஒலிக்கான தனி வழி. ஸ்பீக்கர் இல்லையென்றால் காதை மூடும் ஹெட்போனாவது வேண்டும்.

இருட்டில் குறிப்பு எடுப்பது

மொபைலில் எழுத வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு எரிச்சல் என்பது ஒருபுறம். வெளிச்சத்தைப் பார்த்த கண் மறுபடி இருட்டுக்குப் பழகப் பல நிமிடங்கள் ஆகும் என்பது மறுபுறம். பின்னணியில், மூலையில் நிற்கிற உருவத்தை அந்த நிமிடங்களில்தான் தவறவிடுவீர்கள்.

உள்ளங்கை அளவு நோட்டு, நன்றாக எழுதும் பேனா. குனிந்து பார்க்காமல், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு குறிப்பு. நீளமாக எழுதினால் அடுத்த காட்சி போய்விடும். மூன்று சொல் போதும். குறிப்பின் முன் ஓர் அடையாளம் போட்டுவிட்டால் வெளியே வந்ததும் பிரிப்பது எளிது:

கே – படம் உங்கள் மனதில் புதிதாக எழுப்பிய கேள்வி. ‘சாவி யார்கிட்ட?’
வி – படம் சொன்ன விதி. ‘வெளிச்சத்தில் வராது.’
உ – உங்கள் உடல் செய்தது. துள்ளியது, கண்ணை மூடியது, கொட்டாவி விட்டது, மணி பார்த்தது.

கடைசி வகையைப் பலர் எழுதுவதே இல்லை. ஆனால் விமர்சனத்துக்கு அதுதான் அதிகம் பயன்படும். முதல் தடவை மணி பார்க்கத் தோன்றிய இடத்தைக் குறித்துவைத்தால், ‘லேக்’ எங்கே தொடங்கியது என்று பிறகு தேட வேண்டியதில்லை. ஓடிடியில் பார்த்தாலும் முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். பதற்றம் என்பது விடாமல் ஏறுகிற சமாச்சாரம். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ‘பயமே இல்லை’ என்று எழுதுவது நியாயமில்லை. இடைவேளை விடும் அரங்கில், இடைவேளை இல்லாமல் எடுத்த வெளிநாட்டுப் படத்தை எங்கோ வெட்டி நிறுத்துவார்கள். அந்த வெட்டு இயக்குநர் செய்ததல்ல என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

த்ரில்லர்: யாருக்கு என்ன தெரியும்?

இந்த வகையின் அடிப்படையை சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக், 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் ஓர் உதாரணத்தில் சொல்லிவிட்டார். மேசைக்கு அடியில் குண்டு இருக்கிறது. அது நமக்குத் தெரியாமல் வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும் நமக்குத் தெரிந்து, உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் 15 நிமிடப் பதற்றம். அவர்கள் சும்மா அரட்டை அடித்தாலும் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஆக, படத்தின் ஒவ்வொரு பெரிய பகுதிக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போது நாயகனைவிட எனக்குக் குறைவாகத் தெரியுமா, அதே அளவா, அதிகமா? குறைவு என்றால் மர்மம். சமம் என்றால் விசாரணை அல்லது துரத்தல். அதிகம் என்றால் சஸ்பென்ஸ். நல்ல படம் இந்த மூன்றுக்கும் இடையே தெரிந்தே மாறும். ஜீத்து ஜோசப் 2013இல் எடுத்த ‘த்ரிஷ்யம்’, பிறகு அவரே தமிழில் எடுத்த ‘பாபநாசம்’ (2015) இரண்டிலும் குற்றம் நம் கண் முன்னே நடக்கிறது. போலீஸைவிட நமக்கு அதிகம் தெரியும், அதனால் ஒவ்வொரு விசாரணையும் சஸ்பென்ஸ். அதேசமயம் ஒரே ஒரு தகவலைக் கடைசிவரை நம்மிடமும் மறைக்கிறது. படத்தின் பலமே அந்தப் பங்கீடுதான். இதை விமர்சனத்தில் சொல்லலாம். எந்தக் கதை ரகசியமும் உடையாது.

கெட்டுப்போகும் இடமும் இதே கணக்கில்தான். படம் தன்னை மர்மம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவர் எப்போதோ கண்டுபிடித்திருப்பார். எப்படி? கதையில் எந்த வேலையும் இல்லாத ஒருவர் திரும்பத் திரும்ப வருவார். தெரிந்த நடிகர் இரண்டு காட்சிக்கு மட்டும் வந்துபோவார். யாரோ ஒருவர் தேவைக்கு மேல் நல்லவராக இருப்பார். இப்படிக் கண்டுபிடித்தால் அது திரைக்கதையால் நடந்ததா, நடிகர் தேர்வால் நடந்ததா என்று பிரித்து எழுதுங்கள். ஆனால் ‘ஒரு பெரிய நடிகர் சும்மா வருகிறாரே என்று அப்போதே நினைத்தேன்’ என்று மட்டும் எழுதாதீர்கள். போஸ்டரைப் பார்க்கும் எவரும் மிச்சத்தை ஊகித்துவிடுவார்கள்.

ட்விஸ்ட் சரியாக வந்ததா என்று பார்க்க மூன்று சோதனை போதும். அந்த உண்மைக்கான தடயம் முன்பே திரையில், நம் கண்ணுக்குத் தெரியும்படி, இரண்டு முறையாவது வந்ததா? உண்மையை மறைக்கும் பாத்திரம், வேறு யாரும் இல்லாமல் தனியாக இருக்கும் காட்சியில் எப்படி நடந்துகொள்கிறது? தனியாக இருக்கும்போதும் பொய்க்கேற்ப அழுதால், அந்தப் பாத்திரம் யாருக்காக நடிக்கிறது? நமக்காகத்தான். அது ஏமாற்று. மூன்றாவது, உண்மை தெரிந்த பின் பழைய காட்சிகள் புதிய அர்த்தம் பெறுகின்றனவா, இல்லை வீணாகிப்போகின்றனவா? ஹிட்ச்காக்கே 1950இல் ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ படத்தில் ஒரு பொய்யான ஃபிளாஷ்பேக்கை வைத்தார். அதை வைத்திருக்கவே கூடாது என்று அதே பேட்டியில் சொன்னார். பாத்திரம் பொய் சொல்லலாம். கேமரா அந்தப் பொய்யை உண்மைபோலக் காட்டினால் பார்வையாளருக்குக் கோபம் வரும். (இவ்வளவு பழைய படத்துக்கு இந்த அளவு ஸ்பாய்லர் மன்னிக்கத்தக்கது.)

‘லாஜிக் இல்லை’ என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ‘ஏன் போலீஸுக்குப் போகவில்லை?’ என்பது ஒரு வகை. இதற்குப் படம் ஒரே ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம், குறிப்பைப் பாருங்கள். பயந்த மனிதர் தப்பான முடிவு எடுப்பது ஓட்டையே இல்லை. தற்செயல் இன்னொரு வகை: தற்செயலாக நாயகன் சிக்கலில் மாட்டினால் கதை தொடங்குகிறது, தற்செயலாகத் தப்பித்தால் கதை ஏமாற்றுகிறது. நேரமும் தூரமும் மூன்றாவது வகை. பாதி நாள் ஆகிற பயணம் ஒரு கட்டில் முடிந்துவிடும். பெரும்பாலான படங்களில் இது மன்னிக்கக்கூடியது, ஆனால் ‘இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு’ என்று படமே கடிகாரம் காட்டிவிட்டால் மன்னிக்கக்கூடாது.

பேய்ப்படம்: துள்ளினேன் என்பது சான்றல்ல

திடீரென்று பலத்த சத்தம் கேட்டால் எவரும் துள்ளுவார். அது உடலின் அனிச்சைச் செயல். அதில் இயக்குநரின் கைவண்ணம் அதிகம் இல்லை. அதனால் ‘ஏழெட்டு இடத்தில் துள்ளிவிட்டேன்’ என்பது படத்தைவிட ஸ்பீக்கருக்கான பாராட்டு.

இப்படித் திடீர்ச் சத்தத்தோடு துள்ள வைக்கும் ஜம்ப் ஸ்கேரை எடைபோட அதை மூன்று துண்டாக்குங்கள்: சத்தத்துக்கு முன் இருந்த அமைதி, சத்தத்தின் காரணம், அதற்குப் பின் நடந்தது. அமைதி நீண்டு, அதற்குள் நாம் திரையை மூலைமூலையாகத் தேடத் தொடங்கியிருந்தால் முதல் துண்டு வேலை செய்கிறது. காரணம் கதையில் இருக்கிறதா, அல்லது பூனை, தோளில் கை வைத்த நண்பர் மாதிரி போலியா? போலி பயமுறுத்தல் பழைய உத்தி. 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஆளில்லாத தெருவில் ஒரு பெண் வேகமாக நடப்பாள்; பின்னால் கேட்ட காலடிச் சத்தம் நின்றுபோகும்; சீறிக்கொண்டு ஏதோ பாயும். பார்த்தால் பேருந்து. தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இன்றும் இந்த உத்தியை ‘லூட்டன் பஸ்’ என்கிறார்கள். அது இன்றும் வேலை செய்யக் காரணம், பேருந்துக்கு முன்னால் இருக்கும் நடை. ஒரு படத்தில் ஒரு முறை சரி. மூன்றாவது முறை பூனை வந்தால், உண்மையான பேய் வரும்போது பார்வையாளர் பூனையை எதிர்பார்த்துச் சிரிப்பார். இதை எண்ணி எழுதலாம்: எத்தனை பயமுறுத்தல், அதில் எத்தனை போலி.

எழுதுவதற்கு முன் செய்யக்கூடிய உருப்படியான சோதனை ஒன்று: ஓடிடியில் வந்துவிட்ட படமென்றால், உங்களை அதிகம் உலுக்கிய காட்சியை ஒலியை முழுக்க அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் வயிற்றில் ஏதோ செய்தால் அது காட்சியமைப்பின் வேலை: கேமரா எங்கே நிற்கிறது, ஆளின் தலைக்குப் பின்னால் எவ்வளவு வெற்றிடம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கட் எவ்வளவு நேரம் தள்ளிப்போகிறது. ஒன்றுமே இல்லையென்றால் பாராட்டு ஒலி வடிவமைப்பாளருக்கும் இசையமைப்பாளருக்கும் போக வேண்டும். பிறகு மாற்றிச் செய்யுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். காற்று, மின்விசிறி, மூச்சு ஆகியவை எப்போது நின்றன என்று கவனியுங்கள். பல நல்ல படங்களில் பயம் வருவதற்குச் சற்று முன்னால், நாம் கவனிக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்த ஒரு சத்தம் நின்றுபோகும்.

‘பயம்’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு அடைக்காதீர்கள். திடுக்கிடல் வேறு, ‘போகாதே, போகாதே’ என்கிற பதற்றம் வேறு, அருவருப்பு வேறு, படம் முடிந்து வீட்டில் விளக்கை அணைக்கும்போது வருவது வேறு. எது வந்தது என்று சொன்னால் வாசிப்பவருக்குத் தனக்கான படமா என்று தெரியும். ரத்தம் பார்க்க முடியாதவர் பலர் பேய்க்குப் பயப்படவே மாட்டார்கள். இதன் மறுபக்கமும் உண்டு.

பேய்க்கு விதி வேண்டும். அது எதைச் செய்யும் என்பதைவிட எதைச் செய்யாது என்பதில்தான் பதற்றம் பிறக்கிறது. 2018இல் வந்த ‘எ கொயட் ப்ளேஸ்’ படத்தின் விதி ஒரே வரி: சத்தம் கேட்டால் வரும். அதற்குப் பிறகு படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஆயுதம். மரப்படிக்கட்டில் ஒரு மூட்டை சிக்கி இழுபட, ஓர் ஆணி மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். கேமரா அதை நமக்குக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். வீட்டில் யாருக்கும் தெரியாது. அதன் பிறகு யார் அந்தப் படியில் இறங்கினாலும் நம் கண் முகத்தைப் பார்க்காது, காலைத்தான் பார்க்கும். ஹிட்ச்காக்கின் குண்டு இங்கே ஓர் ஆணியாக இருக்கிறது, அவ்வளவுதான். பேயோ ஜந்துவோ விதியில்லாமல் நினைத்த இடத்தில் நினைத்தபடி தோன்றினால், தப்பிக்க வழியில்லை என்று மனது சோர்ந்துபோகும். சோர்ந்தவர் பயப்பட மாட்டார்.

ஜந்து முழுசாகத் தெரிந்த நேரத்தையும் குறியுங்கள். 1975இன் ‘ஜாஸ்’ படப்பிடிப்பில் இயந்திரச் சுறா உப்புத்தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்ததால், சுறாவைக் காட்டாமல் காட்டும் வழிகளைத் தேட வேண்டியதாயிற்று. படத்துக்கு அது வாய்ப்பாகிவிட்டது. இன்றைய படங்களில் கிராஃபிக்ஸ் அப்படி மக்கர் செய்வதில்லை, அதனால் 20ஆம் நிமிடத்திலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு உங்கள் ‘உ’ குறிப்புகள் குறைகின்றனவா என்று பாருங்கள்.

நம் பேய்ப்படங்களில் அதிகம் சொதப்பும் இடம் ஃபிளாஷ்பேக். பேய் யார், ஏன் செத்தது, யார் கொன்றார்கள் என்று நீண்ட நேரம் விளக்கம் வரும். காரணம் தெரிந்ததும் பயம் இரக்கமாக மாறிவிடுகிறது. மீதிப் படம் பழிவாங்கும் கதை. அது நல்ல பழிவாங்கும் கதையாகவும் இருக்கலாம். ஆனால் ‘இரண்டாம் பாதியில் பயம் குறைவு’ என்று மொட்டையாக எழுதாமல், படம் எந்த இடத்தில் வகை மாறுகிறது என்று எழுதினால் சரியாக இருக்கும். பேய்-காமெடிக்கும் இதே அளவுகோல்: சிரிப்புக்காகப் பேயின் விதி உடைகிறதா என்பதுதான் கேள்வி. உடையாமல் சிரிக்க வைத்தால் அது இரட்டைத் திறமை.

சயின்ஸ் ஃபிக்‌ஷன்: அறிவியல் பிழையும் விதிமீறலும்

இரண்டும் ஒன்றல்ல. 2013இன் ‘கிராவிட்டி’யில் விண்வெளி வீரர்கள் ஹப்பிள் தொலைநோக்கிப் பக்கத்திலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு மிதந்து போகிறார்கள். நிஜத்தில் நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்வில் சுற்றுகிறது. ஹப்பிள் அதைவிட அதிக உயரத்தில், 28.5 பாகையில். முதுகில் மாட்டிய கருவியை வைத்துக்கொண்டு அந்தச் சாய்வு வித்தியாசத்தைக் கடக்கவே முடியாது. இது அறிவியல் பிழை. ஆனால் படம் தன் உலகத்தில் இரண்டும் பக்கத்தில் இருப்பதாகத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது, கடைசிவரை மாற்றவில்லை. விதிமீறல் இல்லை. சுவாரஸ்யமான தகவலாக ஒரு வரி எழுதலாம். அதற்காக மதிப்பெண் குறைப்பது வீண் பெருமை.

மாறாக, ‘இந்த இயந்திரத்தை ஒரு தடவைதான் இயக்க முடியும்’ என்று முதல் பாதியில் சொல்லிவிட்டு க்ளைமாக்ஸில் காரணமில்லாமல் இரண்டாம் தடவை இயக்கினால், அறிவியல் எவ்வளவு சரியாக இருந்தாலும் படம் உடைந்துவிட்டது. உங்கள் ‘வி’ குறிப்புகளை எடுத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது மதிக்கப்பட்டதா என்று போடுங்கள். பத்து நிமிட வேலை. அத்துடன் விலையையும் பாருங்கள்: அந்த விதியால் யார் எதை இழக்கிறார்கள்? ‘இன்டர்ஸ்டெல்லார்’ (2014) படத்தில் கருந்துளைக்கு அருகே இருக்கும் கோளில் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு ஆண்டு. இயற்பியலாளர் கிப் தோர்ன் ஆலோசகராக இருந்து கணக்குப் போட்ட விஷயம் அது. ஆனால் காட்சி நிற்பது கணக்கால் அல்ல. திரும்பி வந்து, சேர்ந்துபோன வீடியோ செய்திகளைப் பார்க்கும் தகப்பனால்.

காலப்பயணப் படமென்றால் ஒரு தாளில் கோடு போடுங்கள். மூன்று மாதிரி உண்டு. நடந்தது மாறவே மாறாது, மாற்றப்போனதும் அந்த நடந்ததில் அடக்கம் (‘12 மங்கீஸ்’, 1995). ஒரே கோடு, ஆனால் மாற்றினால் எதிர்காலம் மாறும் (‘பேக் டு த ஃப்யூச்சர்’, 1985). மாற்றினால் புதிய கிளை பிரியும், பழைய கோடு அப்படியே இருக்கும். படம் எந்த மாதிரி என்று முதல் பயணம் முடிந்ததும் முடிவு செய்துவிடலாம். பாதியில் ஒரு மாதிரியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால்தான் ‘குழப்பம்’ என்று சொல்லுங்கள். சிக்கலாக இருப்பது வேறு, குழப்பமாக இருப்பது வேறு. ஒரே நேரம் திரும்பத் திரும்ப நடக்கும் டைம் லூப் படங்களில் வேறு கவலை: செத்தாலும் திரும்பி வரலாம் என்றால் சாவுக்கு என்ன மதிப்பு? அதற்குப் படம் ஒரு விலையைக் கண்டுபிடித்ததா, ஒரே காட்சியை மறுபடி காட்டும்போது தெரிந்த பகுதியை எவ்வளவு வேகமாகத் தாண்டுகிறது என்று பாருங்கள்.

விஎஃப்எக்ஸ் (கிராஃபிக்ஸ் காட்சிகள்) பற்றி ‘மோசம்’ என்று எழுதுவதற்குப் பதில் எங்கே என்று எழுதுங்கள். பெரும்பாலும் நான்கு இடத்தில்தான் பிடிபடும்: கால் தரையில் படும் இடத்தில் நிழல் இல்லை, உருவத்துக்கு எடை இல்லை (குதித்து இறங்கினால் புழுதி கிளம்புவதில்லை), நடிகரின் மேல் விழும் வெளிச்சம் ஒரு திசை, பின்னணி வேறு திசை, முடியின் ஓரம் வெட்டி ஒட்டியது போல் இருக்கிறது. பட்ஜெட் குறைவு என்பதைக் குற்றமாகச் சொல்ல வேண்டாம். 2004இல் வந்த ‘ப்ரைமர்’ சுமார் 7,000 டாலரில் எடுத்த காலப்பயணப் படம்.

‘லேக்’ எங்கிருந்து வருகிறது

மூன்று வகைக்கும் பொதுவான புகார் இது, நீளத்தால் வருவது அபூர்வம். மணி பார்க்கத் தோன்றிய இடத்துக்கு முந்தைய கால் மணி நேரத்தை நினைவுபடுத்திக்கொண்டு காரணத்தைத் தேடுங்கள்.

பெரும்பாலும் பார்வையாளருக்குத் தெரிந்த பதிலை நாயகன் தேடிக்கொண்டிருப்பார். அல்லது ஒரே தகவல் இரண்டாவது ஆளுக்கு முழுசாக விளக்கப்படும். விஞ்ஞானி இன்னொரு விஞ்ஞானிக்கு அவருக்கே தெரிந்த பாடத்தை நடத்தும் காட்சி இதில்தான் சேரும். சில சமயம் கதையின் மையக் கேள்வியே மாறியிருக்கும்: ‘கொலையாளி யார்’ என்று தொடங்கியது ‘நாயகன் குடும்பத்தோடு சேர்வாரா’ என்று திரும்பியிருக்கும். பழைய கேள்விக்குப் பதிலும் வராமல், புதிய ‘கே’ குறிப்பும் இல்லாமல் நீண்ட இடைவெளி இருந்தால், இடம் அதுதான்.

இப்போது வாக்கியம் தானாக மாறும். ‘இரண்டாம் பாதி லேக்’ என்பதற்குப் பதில்: ‘விசாரணை அதிகாரி கண்டுபிடிக்க வேண்டியதை நாம் முன்பே ஊகித்துவிடுகிறோம், அவர் அங்கே வந்து சேர இன்னும் 40 நிமிடம் ஆகிறது, அதுவரை அவருக்குப் புதிய ஆபத்து எதுவும் இல்லை.’ நீளம் அதிகம்தான். ஆனால் இதை யார் வேண்டுமானாலும் படத்தைப் பார்த்து மறுத்துப் பேச முடியும், அதுதான் இதன் மதிப்பு.

எழுதும்போது

குறிப்புகளைப் பார்த்த அன்றே பெயர்த்து எழுதிவிடுங்கள். இருட்டில் எழுதிய கையெழுத்து மறுநாள் உங்களுக்கே புரியாது. விமர்சனத்தை ஒரு நாள் தள்ளி எழுதலாம். பேய்ப்படத்துக்குக் கட்டாயம் தள்ளுங்கள், இரவில் அது கூட வருகிறதா என்பதும் மதிப்பீட்டின் பகுதி.

கதைச் சுருக்கத்துக்கு நான்கு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். படத்தின் முதல் கால் பங்கில் நடப்பதுவரை சொல்லலாம். அதற்குப் பின் நடப்பதைச் சொல்ல ஒரு நல்ல காரணம் இருக்க வேண்டும். ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பார்த்து எழுதுங்கள், அதுவும் முதல் கால் பங்கிலிருந்து. ‘கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கு, சொல்ல மாட்டேன்’ என்பதும் ஸ்பாய்லர்தான். வாசித்தவர் படம் முழுக்க அதையே தேடிக்கொண்டிருப்பார். ‘முடிவு தொடக்கத்துக்கு நியாயம் செய்கிறது’ என்றால் அதே கருத்து, சேதம் இல்லை. ‘சைக்கோ’ (1960) வெளியானபோது படம் தொடங்கிய பின் யாரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் விதி வைத்தார். விமர்சகருக்கு அந்த அளவு கண்டிப்பு தேவையில்லை, ஆனால் உடைத்தே ஆக வேண்டுமானால் முன்னறிவிப்பு போட்டு, தனிப் பகுதியாக, கடைசியில் வையுங்கள். தலைப்பிலும் முகப்புப் படத்திலும் எதுவும் கசியக் கூடாது.

எச்சரிக்கை வரிகளுக்கு இதில் விதிவிலக்கு. குழந்தைகள் மீதான வன்முறை, பாலியல் வன்முறை, தற்கொலை ஆகியவை இருந்தால் யாருக்கு நடக்கிறது என்று சொல்லாமல் ‘இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிடுங்கள். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் வெட்டி வெட்டி மின்னும் ஒளி, ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. அப்படிக் காட்சி இருந்தால் படத்தில் ஏறக்குறைய எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

ஸ்டார் ரேட்டிங் போடுவது உங்கள் இஷ்டம். போட்டால் அதே வகைப் படங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

டப்பிங்கில் பார்த்திருந்தால் நடிப்பையும் ஒலியையும் பற்றிக் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். குரல் மட்டுமல்ல, மூச்சு, முனகல், அலறல் எல்லாம் வேறொருவர் அறைக்குள் நின்று மறுபடி கொடுத்தவை. ‘அலறல் செயற்கையாக இருந்தது’ என்பது மூலப் படத்தின் குறையாக இருக்காது. எந்த மொழித் தடம், அரங்கா வீடா, என்ன ஸ்பீக்கர், படத்தின் எந்த நீளப் பதிப்பு என்பதை விமர்சனத்தின் அடியில் ஒரே வரியில் போட்டுவிடுங்கள். மறுபடி பார்த்துக் கருத்து மாறினால் பழையதை அழிக்காமல் அதற்குக் கீழேயே தேதி போட்டு எழுதுங்கள்.